பதினேழு திருத்தங்கள்

பம்பலப்பிட்டியில் மூன்றாம் மாடி.
மருதானைக்குப் போகும் ரயில் ஒவ்வொன்றுக்கும்
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கிறது.
கடலுப்பு தின்ற ஏசிப் பெட்டியிலிருந்து
என் கீபோர்ட்டுக்கு அரை அடி தள்ளி
வாளிக்குள் சொட்டுகிறது தண்ணீர்.

திரையில்
பொரளை ஆய்வுகூடத்து சேர்வர்
எந்த ஒழுங்கில் கண்விழிக்க வேண்டும் என்ற கையேடு.
நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில்.
கோயம்புத்தூரிலிருந்து கௌசிகன் அனுப்பியிருக்கிறான்.
முகம் தெரியாது. எழுத்துப்பிழை விடாதவன்.
அதுவே எனக்குப் பாதி சொந்தம்.

முதலாவது ஒரு காற்புள்ளி. சரி.
இரண்டாவது, பிணையம் என்றிருந்ததை
வலையமைப்பு என்கிறான்.
சரிதான், பிணை கேட்பது நீதிமன்றத்தில்.
மூன்றாவது,
"சிக்கல் என்றால் நிலுபுலைக் கேட்கவும்." சிவப்பு.
நிலுபுல் பேர்த்துக்குப் போய் மூன்று வருடம்.
பெற்றோல் வரிசையில் லாப்டொப்பை மடியில் வைத்து
இதில் பாதியை எழுதியவன்.
போகும்போது தன் கதிரையை எனக்குத் தந்தான்,
ஒரு சில்லு இல்லாமல்.
நீக்கலாம்.
இனி யாரையும் கேட்க முடியாது என்பதைக்
கையேடும் தெரிந்துகொள்ளட்டும்.

நான்கு, ஐந்து, ஆறு:
"வேண்டும்" எல்லாவற்றையும்
"லாம்" ஆக்கியிருக்கிறான், மரியாதைக்கு.
இரவுக் கடமையில் இருப்பவர்
லாம் என்பதை வேண்டாம் என்றுதான் வாசிப்பார்.
திருப்பி அனுப்பினேன்.

ஏழாவது.
"முப்பது விநாடி காத்திருக்கவும்." சிவப்பு.
காரணம் இல்லாத வரி, என்று குறிப்பு.
காரணம் இருந்தது, தம்பி.
மின்வெட்டு பத்து மணித்தியாலம் நீண்ட நாட்களில்
கீழ்த்தள ஜெனரேட்டர் இருமி, காறித் துப்பி,
மூச்சுப் பிடிக்க இருபத்தாறு விநாடி.
மிச்ச நான்கு
நிலுபுலின் பயம்.
"வைத்திரு, ஜெனரேட்டருக்கு" என்று போட்டேன்.
பயத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

எட்டிலிருந்து பத்துவரை படங்கள்.
ஓர் அம்புக்குறி சுவரைப் பார்த்து நிற்கிறது.
பிளேன்டீ ஆறிவிட்டது.

பதினோராவது.
பச்சையில், ஒன்றன்கீழ் ஒன்றாக:
வலையமைப்பைத் துவக்கு.
தரவுத்தளத்தைத் துவக்கு.
குளிரறைப் பதிவேட்டைத் துவக்கு.
நிற்காவிட்டால் கொல்.

ரயில் போனது. கண்ணாடி.

அவனுடைய ஊரில் அது விழாவைத் துவக்கும்,
பள்ளிக்கூடத்தை, கடையை, பேச்சை.
எங்கள் பக்கம் அது வினைச்சொல் அல்ல,
பெயர்ச்சொல்.
வினை பிறகுதான் வரும்.
எனக்கு ஒன்பது வயதில்
அது கதவு நிலையில் சாய்ந்து நின்று,
கொண்டுவந்தவர் உள்ளே தண்ணீர் குடித்து முடிக்கும்வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்றுச்சொல் தேடினேன்.
இயக்கு? பின்னாலேயே இயக்கம் வந்துவிடும்.
தொடக்கு? அது செத்தவீட்டுக்காரருக்கு,
முப்பத்தொரு நாள்.
ஆரம்பி என்று சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து மேசையில் பஸ்மினா சிரித்தாள்:
"சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."
கடைசியில் தொடங்கு.
க் போய் ங் வந்தது.
ஒரு மெல்லினம் போதுமாயிருந்தது.

விளக்கம் எழுதினேன், ஒன்பது வரி.
அழித்தேன்.
நான்கு வரி. அழித்தேன்.
"இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை"
என்று மட்டும் விட்டேன்.
கொல் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
கணினிக்காரர் எந்த மொழியிலும் அப்படித்தான்.

ஐந்து நிமிடத்தில் பதில்:
"மாற்றிவிட்டேன் அக்கா. மன்னிக்கவும்.
முப்பது விநாடிக்குக் காரணமும் சேர்த்திருக்கிறேன்.
அங்கே மழையா?"

மழை இல்லை, ஏசி.
வாளியை ஊற்றிவிட்டு வந்து
பன்னிரண்டாவதைத் திறந்தேன்.